எல்.பி.எஸ். கொடுத்தும் ஐ.எல்-1 பீட்டா வரவில்லை: டி.எல்.ஆர்.4 ஏற்பியில் கோளாறா?

கேள்வி:
ரா 264.7 செல்களுக்கு (எலி மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்பு செல் வகை) எல்.பி.எஸ். (பாக்டீரியா சுவரின் நச்சுப் பொருள்) 100 நானோகிராம்/மி.லி., 24 மணி நேரம். ஊடகத்தில் அழற்சிப் புரதமான டி.என்.எஃப். ஆல்ஃபா ஏராளம். இன்னொரு அழற்சிப் புரதமான ஐ.எல்-1 பீட்டா மட்டும் எலைசாவில் (புரத அளவைக் காட்டும் சோதனை) சுத்தமாக இல்லை. புது எல்.பி.எஸ். குப்பியிலும் இதே முடிவு. எல்.பி.எஸ்.-ஐ உணரும் ஏற்பியான டி.எல்.ஆர்.4 வேலை செய்யவில்லையா?

பதில் 1:
டி.என்.எஃப். வந்திருக்கிறதே, டி.எல்.ஆர்.4 நன்றாகவே வேலை செய்கிறது. அந்த ஏற்பி, மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி புரதம் வழியாக ஐ.எல்-1 பீட்டாவின் முன்வடிவத்தை (31 கிலோடால்டன்) செல்லுக்குள் சேர்த்து வைக்கும். அதோடு அதன் பங்கு முடிந்தது. காஸ்பேஸ்-1 என்னும் நொதி அதை வெட்டி 17 கிலோடால்டன் ஆக்கினால்தான் வீரியம் வரும். காஸ்பேஸை எழுப்ப இரண்டாவது தூண்டல் வேண்டும்.

எல்.பி.எஸ். 3–4 மணி நேரம் போதும். பிறகு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) 5 மில்லிமோலார், 30–60 நிமிடம். ஏ.டி.பி.யை உணரும் பி2எக்ஸ்7 ஏற்பி திறந்து பொட்டாசியம் வெளியேறும், அதனால் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃபிளமசோம் (காஸ்பேஸ்-1-ஐ எழுப்பும் புரதத் தொகுதி) ஒன்றுகூடும். ஏ.டி.பி. கரைசல் அமிலத்தன்மை கொண்டது. சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 7.4-க்குக் கொண்டுவராமல் ஊற்றினால், நீங்கள் பார்ப்பது அமிலத்தின் விளைவாகவும் இருக்கலாம். அன்றன்றே கரைப்பது நல்லது.

பதில் 2:
அதற்கு முன் செல்லை மாற்றுங்கள்! ரா 264.7-இல் ஏ.எஸ்.சி. புரதமே இல்லை. என்.எல்.ஆர்.பி.3-ஐயும் காஸ்பேஸ்-1-ஐயும் இணைப்பது அதுதான். எவ்வளவு ஏ.டி.பி. கொடுத்தாலும் இதில் பலன் இராது. எலும்பு மஜ்ஜை மேக்ரோபேஜ் எடுங்கள். மனிதச் செல் வேண்டுமென்றால் பி.எம்.ஏ. என்னும் வேதிப்பொருள் கொடுத்து முதிர வைத்த டி.எச்.பி.-1 (மனித மோனோசைட் செல் வகை).

கேள்வி கேட்டவர்:
நன்றி, செல்லை மாற்றுகிறேன். ஏ.டி.பி.க்குப் பதில் நைஜெரிசின் (பொட்டாசியத்தை வெளியேற்றும் பொருள்) போடலாமா? ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் என்னென்ன?

பதில் 2:
போடலாம், 10 மைக்ரோமோலார். அதற்கு பி2எக்ஸ்7 தேவையில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்: நைஜெரிசினுக்கு வந்து ஏ.டி.பி.க்கு வராவிட்டால் சிக்கல் பி2எக்ஸ்7 பக்கம். என்.எல்.ஆர்.பி.3-ஐத் தடுக்கும் எம்.சி.சி.950 சேர்த்த குழி ஒன்று, எல்.பி.எஸ். மட்டும் ஒன்று, ஏ.டி.பி. மட்டும் ஒன்று கட்டாயம். செல் உடைந்தால் முன்வடிவமும் ஊடகத்தில் கசியும். பல எலைசா கிட்டுகள் அதையும் சேர்த்தே எண்ணிவிடும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) 17 கிலோடால்டன் பட்டையைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. மனித மோனோசைட்டுகள் எல்.பி.எஸ். மட்டும் கொடுத்தாலே ஐ.எல்-1 பீட்டா விடும். எலி மேக்ரோபேஜ் விதியை அப்படியே அங்கே பொருத்த முடியாது. நோயிலும் இரண்டு தூண்டல்களும் தனித்தனியே தெரியும். கௌட் மூட்டில் யூரேட் படிகம்தான் இரண்டாவது தூண்டல். கேப்ஸ் என்னும் பரம்பரை அழற்சி நோய் உள்ளவர்களுக்கு என்.எல்.ஆர்.பி.3 மரபணு மாற்றத்தால் இரண்டாவது தூண்டல் என்னும் பூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. அனாகின்ரா மருந்து ஐ.எல்-1 ஏற்பியை மறிப்பதும், கனகினுமாப் மருந்து ஐ.எல்-1 பீட்டாவையே பிடிப்பதும் அவர்களுக்குப் பலன் தருவது இதனால்தான்.