வி.எஃப்.டி. லைனுக்கு டைப் பி ஆர்.சி.சி.பி. கட்டாயமா?

எலக்ட்ரிகல் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் பட்டறையில் லேத் மோட்டாருக்குப் புதிதாக 3 பேஸ் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) மாட்டியிருக்கிறோம். மெயினில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்கு மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்), அதுவும் ஏ.சி. கசிவை மட்டும் உணரும் டைப் ஏ.சி. வகை. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே ட்ரிப் ஆகிறது, எலக்ட்ரீஷியனும் "எல்லாம் சரி" என்கிறார். ஆனால் அந்த பட்டன் அனுப்புவது சுத்தமான 50 ஹெர்ட்ஸ் சைன் அலைதானே! டிரைவுக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி வைக்கும் பகுதி (டி.சி. பஸ்) எர்த் ஆனால் வருவது 150 ஹெர்ட்ஸ் அலை ஏறிய டி.சி.தான். அவுட்புட் கேபிளில் எர்த் ஆனால் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் ஸ்விட்சிங் அலையும் கலந்து வரும். நேரான டி.சி., ஆர்.சி.சி.பி.க்குள் கசிவை உணரும் காந்தக் கோரை (core) சாச்சுரேட் ஆக்கி, உணர முடியாமல் செய்துவிட்டால், வேறு லைனில் ஆளுக்கு ஷாக் அடித்தாலும் ட்ரிப் ஆகாமல் போகலாம். எனக்குப் பயமே இதுதான்.

துடிப்பாக வரும் டி.சி. கசிவையும் உணரும் டைப் ஏ கூட, நேரான டி.சி. என்றால் 6 மில்லி ஆம்பியர் வரைதான் தாங்கும். டைப் பி நேரான டி.சி.க்கும் ட்ரிப் ஆகும், ஆனால் 1000 ஹெர்ட்ஸில் அதுவே 30 மில்லி ஆம்பியரின் 14 மடங்கு வரை, அதாவது 420 மில்லி ஆம்பியர் வரை, ட்ரிப் ஆகாமல் இருக்க அனுமதி உண்டு. விலையோ தலை சுற்றுகிறது.

டிரைவுக்கு மட்டும் மெயின் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து தனி லைன் இழுத்து டைப் பி போட்டால் போதுமா? அப்படிப் போட்டவர்களுக்கு, டிரைவின் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பும் இ.எம்.சி. ஃபில்டரின் லீக்கேஜால் சும்மா சும்மா ட்ரிப் ஆகிறதா? 300 மில்லி ஆம்பியர் போட்டீர்களா, 30-ஆ?