காலி வண்டியில் மட்டும் 65 கி.மீ. வேகத்தில் அதிர்வு: எங்கே தேடுவது?

வணக்கம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்வதற்காக நான்கு மாதங்களுக்கு முன் புதிதாக வாங்கிய 2.5 லிட்டர் டீசல் பிக்கப் வண்டி, இதுவரை 11,400 கி.மீ. ஓடியிருக்கிறது. முதல் சர்வீஸ் முடிந்த சில நாட்களில் தொடங்கிய அதிர்வு இன்னும் தீரவில்லை.

மணிக்கு 65 கி.மீ. தொட்டதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ரீங்காரம் எழுகிறது. கியர் ராடு நடுங்கி, உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் விளக்கு இரண்டிரண்டாகத் தெரிகிறது. 80 கி.மீ. தாண்டினால் அடங்கிவிடுகிறது. ஸ்டீயரிங்கில் துளியும் நடுக்கம் இல்லை. ஒரு டன் சரக்கு ஏற்றினால் ஏறக்குறைய மறைந்துவிடுவதுதான் என்னைக் குழப்புகிறது.

நான்கு சக்கரங்களுக்கும் பேலன்சிங், அலைன்மென்ட் செய்தாயிற்று. டயர்களை முன்பின்னாக மாற்றியும் பார்த்தேன். அதே வேகத்தில் நியூட்ரலில் விட்டாலும் அதிர்வு தொடர்வதாலும், நின்ற நிலையில் எஞ்சினை 3,000 ஆர்.பி.எம். வரை முறுக்கினாலும் அது வராததாலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிமானமான எஞ்சின் மவுண்டிங்கை நான் சந்தேகிக்கவில்லை. சர்வீஸ் நிலையத்திலோ, டீசல் வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எங்களிடம் முன்பிருந்த பழைய டீசல் வண்டி ஒருநாளும் இப்படி நடுங்கியதில்லை.

காலியாக இருக்கும்போது பின்பட்டை (பின்பக்க லீஃப் ஸ்பிரிங்) உயர்ந்து நிற்பதால், எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கடத்தும் இரண்டு துண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறுகிறது என்பது என் ஊகம். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரில் கிழிசல் இல்லை. கையால் அசைத்துப் பார்த்ததில் ஷாஃப்டின் மூட்டான யூ ஜாயின்ட்டிலும் ஆட்டம் இல்லை.

ஷாஃப்டைக் கழற்றாமல், வாரண்டியும் கெடாமல், கோளாறு அதன் கோணத்திலா, பேலன்ஸிலா என்று பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?