4கே டிவியை மானிட்டராக மாட்டினால் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாத கேஸ்கள்: பார்த்ததை இங்கே எழுதுங்கள்

புகார் பெரும்பாலும் "மவுஸ் இழுபடுது" என்றுதான் வரும். ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கு) என்ற பேச்சே இருக்காது. 43 இன்ச் 4கே டிவி, லேப்டாப்பிலிருந்து நேராக எச்டிஎம்ஐ. விண்டோவைப் பிடித்து இழுத்தால் விட்டுவிட்டு நகரும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ். பட்டியலில் அதற்கு மேல் எதுவும் இருக்காது.

கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 4கே படம் 3840×2160. ஆனால் ஓரத்து வெற்றுப் புள்ளிகளையும் சேர்த்து கேபிளில் போவது 4400×2250. அதை 60-ஆல் பெருக்கினால் 594 மெகாஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ-யின் பழைய பதிப்பான 1.4-ன் உச்சம் 340, அடுத்த பதிப்பான 2.0-ன் உச்சம் 600. 30 ஹெர்ட்ஸுக்கு 297 போதும் என்பதால் 1.4-ல் அது மட்டும் அடங்கும். போர்ட், அடாப்டர், டிவியின் சாக்கெட், டிவிக்குள் உள்ள செட்டிங் என்று வழியில் எது ஒன்று 1.4-ல் நின்றாலும் மொத்தமும் 30-க்கு இறங்கிவிடும்.

முதலில் 1080p-க்கு இறக்கிப் பாருங்கள். 60 வந்தால் கோளாறு பேண்ட்வித்தில்தான், அதாவது நொடிக்கு எவ்வளவு தகவல் போக முடியும் என்பதில். டிரைவரை அழித்து மறுபடி போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் இறக்கும் இடம் முக்கியம். டிஸ்ப்ளே பக்கத்தில் ரெசல்யூஷனை மாற்றினால் சில சமயம் "டெஸ்க்டாப் மோட்" மட்டும் 1080 ஆகும், "ஆக்டிவ் சிக்னல் மோட்" 4கே 30-லேயே கிடக்கும். டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து "லிஸ்ட் ஆல் மோட்ஸ்" பட்டியலில் தேர்ந்தெடுத்தால்தான் சிக்னலே மாறும்.

இன்டெல் 6 முதல் 9-ஆம் தலைமுறை வரை உள்ள லேப்டாப்களில் பிராசசரோடு வரும் எச்டிஎம்ஐ 1.4-தான். கம்பெனிக்காரர் தனியாக ஒரு கன்வெர்ட்டர் சிப் வைத்திருந்தால் மட்டுமே 60 வரும். கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900 வரிசை, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 400 வரிசையிலிருந்து 2.0 உண்டு.

* * *

மேலே எழுதிய அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிக் கேஸில் லேப்டாப்பும் கேபிளும் சரியாகவே இருக்கும், டிவியில்தான் பூட்டு. பழைய செட்டாப் பாக்ஸ்கள் குழம்பிவிடக் கூடாது என்று பல டிவிகள் எச்டிஎம்ஐ போர்ட்டை 1.4 போல நடிக்க வைத்தே கடைக்கு வருகின்றன. எல்ஜியில் "எச்டிஎம்ஐ டீப் கலர்", சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்", சோனியில் "எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்" உள்ளே "என்ஹான்ஸ்டு". விலை குறைந்த டிவிகளில் நேரடியாக "எச்டிஎம்ஐ 1.4 / 2.0" என்றே இருக்கும்.

இந்த செட்டிங் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி. எச்டிஎம்ஐ 1-ல் மாற்றிவிட்டுக் கேபிளை 2-ல் மாட்டினால் ஒன்றும் நடக்காது. மாற்றியதும் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். "என்னால் இவ்வளவு முடியும்" என்று டிவி சொல்லும் ஈடிஐடி தகவலைக் கம்ப்யூட்டர் அப்போதுதான் புதிதாகப் படிக்கும். நடுவில் சவுண்ட்பாரோ ரிசீவரோ இருந்தால் அதைத் தாண்டி நேராக மாட்டிச் சோதியுங்கள்.

* * *

யுஎஸ்பி-சி ஹப் வாங்குபவர்கள் கவனத்துக்கு. பெட்டியில் "4கே" என்று மட்டும் போட்டிருந்தால் அது 30 ஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி-யில் வேகமான லேன் (தகவல் ஓடும் தடம்) நான்கு. ஹப்பில் யுஎஸ்பி 3 சாக்கெட்டும் இருந்தால் இரண்டு லேன் அதற்குப் போய்விடும், வீடியோவுக்கு மிச்சம் இரண்டே. யுஎஸ்பி-சி வழியாக வீடியோ போவது டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு இணைப்பு முறையில். அதன் 1.2 பதிப்பின் வேகத்தில் அந்த இரண்டு லேன் சுமப்பது நொடிக்கு 8.64 ஜிகாபிட், 4கே 60-க்கு அது போதாது. லேப்டாப்பும் ஹப்பும் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தைத் தாங்கினால் 12.96 கிடைக்கும், அப்போது 60 நுழைந்துவிடும்.

டெஸ்க்டாப்பின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ எடுப்பதாக இருந்தால் சிக்னலை மாற்றும் சிப் இல்லாத பேசிவ் அடாப்டர் வேண்டாம். "ஆக்டிவ், எச்டிஎம்ஐ 2.0" என்று கேட்டு வாங்குங்கள். திசையும் பார்க்க வேண்டும்: எச்டிஎம்ஐ-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகிற அடாப்டர் வேறு ஜாதி, திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

* * *

60 வந்துவிட்டது, ஆனால் எழுத்து கசங்கித் தெரிகிறது என்ற புகார் அடுத்து வரும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதிப் பாருங்கள். ஓரம் கரைந்து நிழல் மாதிரி நின்றால் நிறம் 4:2:0-ல் போகிறது, அதாவது நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவல். என்விடியா கன்ட்ரோல் பேனலில் "சேஞ்ச் ரெசல்யூஷன்" பக்கத்தின் அடியில் அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்சை ஃபுல், 8 பிட் என்று வையுங்கள். எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் மோட்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். 4கே 60-ஐ 10 பிட்டில், நிறம் குறைக்காமல் அனுப்ப எச்டிஎம்ஐ 2.0-ல் இடமில்லை. வேலை நேரத்தில் எச்டிஆர்-ஐ அணைத்து வைப்பதே மேல்.

கம்ப்யூட்டர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து தெளியவில்லை என்றால் டிவியே நிறத்தைக் குறைக்கிறது. எல்ஜி, சாம்சங் டிவிகளில் அந்த இன்புட்டின் வகையைப் "பிசி" என்று மாற்றினால் சரியாகும். மவுஸ் தாமதமும் அதோடு குறையும்.

* * *

120 ஹெர்ட்ஸ் பற்றி யாரும் தொடவில்லையே. பெட்டியில் "மோஷன் ரேட் 120" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். அது பேனலின் வேகம் என்று எங்கேயும் எழுதியிருக்காது, உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனலே இருக்கலாம். "டிஎல்ஜி 120" என்பது இன்னொரு வித்தை: இரண்டிரண்டு வரியாகச் சேர்த்து ஓட்டுவதால் வேகம் இரட்டிக்கும், செங்குத்து ரெசல்யூஷன் பாதியாகும். கேமுக்குப் பரவாயில்லை, எக்செல் ஷீட்டுக்கு உதவாது.

இன்னும் சில டிவிகள் 1080p 120 சிக்னலை வாங்கிக்கொண்டு ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமைச் சத்தமில்லாமல் தூக்கி எறியும். விண்டோஸில் 120 என்றே காட்டும். டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஃபிரேம் ஸ்கிப்பிங் சோதனையை ஓட விட்டு, போன் கேமராவின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/10 வினாடி வைத்து ஒரு படம் எடுங்கள். வெளிச்சக் கட்டங்கள் ஒட்டி ஒட்டி வரிசையாக விழுந்தால் அசல் 120. நடுநடுவே கறுப்புக் கட்டம் இருந்தால் ஃபிரேம் விழுகிறது. வெறும் கண்ணால் இதைத் தீர்மானிக்க முடியாது.

என்விடியா கன்ட்ரோல் பேனலின் ரெசல்யூஷன் பட்டியலில் "அல்ட்ரா எச்டி, எச்டி" பகுதிக்குக் கீழே "பிசி" என்று இன்னொரு பகுதி இருக்கும். 120 சில சமயம் அங்கே ஒளிந்திருக்கும், உருட்டிப் பாருங்கள். கஸ்டம் ரெசல்யூஷன் யூட்டிலிட்டி என்ற மென்பொருளை வைத்து ஈடிஐடி-யில் கை வைப்பதாக இருந்தால், முன்னாலேயே அதன் "ரீசெட்-ஆல்" ஃபைலை டெஸ்க்டாப்பில் போட்டு வையுங்கள். திரை கறுத்துப் போனால் சேஃப் மோடில் போய் அதை ஓட்டினால் பழையபடி வரும்.

* * *

கேபிள் பற்றி இரண்டு வரி. அது குறை என்றால் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் முழுதாக இருக்கும். 60-ஐத் தேர்ந்தெடுத்ததும் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது சில நொடிகளுக்கு ஒருமுறை திரை கறுத்து வரும். 4கே 60-க்கு (18 ஜிகாபிட்) "பிரீமியம் ஹை ஸ்பீட்", 4கே 120-க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீட்" ஸ்டிக்கர் பார்த்து வாங்குங்கள். நீளம் கூடினால் ஆப்டிகல் கேபிள். அதில் "சோர்ஸ்", "டிஸ்ப்ளே" என்று முனைகள் வேறு வேறு, மாற்றிக் குத்தினால் படமே வராது.

59.94 என்று காட்டினால் கலங்க வேண்டாம், அது கோளாறு அல்ல. நம் ஊர் சேனல் சீரியல்கள் நொடிக்கு 25 ஃபிரேம், அவற்றை 60-ல் ஓட்டினால் கேமரா நகரும் காட்சிகள் விட்டுவிட்டு நகரும். 50-க்கு மாற்றிப் பாருங்கள். சினிமா 24, அதற்கு 120 கச்சிதம்.

* * *

லினக்ஸில் ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு 4கே 120 சிக்கல் கேபிளில் இல்லை. 4கே 120-ஐ முழு நிறத்தோடு சுமக்கும் புதிய பதிப்பான எச்டிஎம்ஐ 2.1-ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டதை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டது, அந்தச் செய்தி 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. 2.0 அளவுக்குள் 4கே 120 வேண்டுமென்றால் 4:2:0-தான், எழுத்து கசங்கும். பலர் போகும் வழி டிஸ்ப்ளேபோர்ட் 1.4-லிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர். 120 முழு நிறத்தோடு வரும். விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட் மாறும் வசதி) மட்டும் எல்லா அடாப்டரிலும் வராது, வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.