வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும்போது நடந்தவை: உங்கள் அனுபவங்கள்

அம்பத்தூரிலிருந்து

பக்கவாதம் வந்த மாமனாரை வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொள்கிறோம். மூக்கில் குழாய், யூரின் பேக், சர்க்கரைக்கு இன்சுலின். பகலுக்கு ஒரு அக்கா வருகிறார், ராத்திரிக்கு ஏஜென்சி அனுப்பும் ஆள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் ஒப்படைப்பார், சார்ட்டும் இருக்கும். வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டே "சாப்பாடு ஆச்சு, ஊசி ஆச்சு" என்று சொல்வதோடு சரி. எங்கள் வீட்டில் ஆபத்து எட்டிப் பார்த்தது அந்த நேரத்தில்தான்.

இன்சுலின் குப்பி தீர்ந்துபோன ஒரு நாள், கடையில் அதே மருந்தை, ஊசி போடும் இன்சுலின் பேனாவில் பொருத்துகிற கார்ட்ரிட்ஜாகக் கொடுத்துவிட்டார்கள். இரவுக்குப் புதிதாக வந்த தம்பி பழைய சிரிஞ்சை வைத்தே அதிலிருந்து மருந்தை இழுக்கப் போனார். கிளம்பிக்கொண்டிருந்த பகல் அக்கா பார்த்துவிட்டுத் தடுத்தார். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச் அதற்கானது. அந்த கார்ட்ரிட்ஜில் 100 என்று போட்டிருந்தது. சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை அதை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட்! மாமனாருக்குப் பேச்சு வராது. ராத்திரியில் சர்க்கரை இறங்கி மயங்கியிருந்தாலும் தூங்குகிறார் என்றுதான் நினைத்திருப்போம். அந்த அக்காவுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவள்.

அதன்பிறகு கட்டில் தலைமாட்டில் ஒரு நோட்டு தொங்குகிறது. எத்தனை மணிக்கு எத்தனை மில்லி கஞ்சி, எத்தனை யூனிட், சிறுநீர் என்ன நிறம், கடைசியாக எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தது, எல்லாம் அதில் இருக்கும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் மாறலாம். ஏஜென்சிக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை.

தேனியிலிருந்து

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். அம்பத்தூர் சகோதரி சொன்ன நோட்டு எல்லா வீட்டிலும் வேண்டும். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30லிருந்து 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே. படுத்தவாக்கில் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பச் சொல்வோம். சிவந்துபோன இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறார்கள், அது கூடாது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. ஒரு பாட்டியின் மேல்கையில் விரல் பதிந்த மாதிரி நீலம் பாரித்திருந்தது. என்ன பாட்டி என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் பக்கத்தில் நின்ற உதவியாளரின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு வீடுகளிலும் கண்டிருக்கிறேன். உடம்பு துடைக்க வெந்நீர் வேண்டும் என்று அந்தப் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டேன். "திரும்புன்னு சொல்லிப் பிடிச்சு இழுக்கிறா தாயி" என்றார் பாட்டி, மகனிடம் சொல்ல வேண்டாம் என்ற கெஞ்சலோடு.

மகனிடம் சொன்னேன். அந்த உதவியாளரிடமும் உட்கார்ந்து பேசினேன். இரவும் பகலும் ஒரே ஆள், சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பிடித்து இழுத்ததற்கு அது நியாயம் ஆகாது. என்றாலும் 24 மணி நேரமும் ஒருவரையே நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டை நான் எந்த வீட்டுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஆளை மாற்றினார்கள், கூடவே ராத்திரிக்கு மகன் பொறுப்பேற்றார். இப்போது பாட்டி என் முகத்தைப் பார்த்தே பேசுகிறார்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், வீடியோ கால் பண்ணும்போது உதவியாளரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். வீட்டுக்குள் யாரிடமும் சொல்ல முடியாத நிலை என்றால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கு வரும், தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலரிடமும் சொல்லலாம். 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன என்பது பலருக்குத் தெரியவில்லை.

தஞ்சாவூரிலிருந்து

என் பங்குக்கு ஒன்று. அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கரண்ட் மெஷின்) ஓடுகிறது, பூஜை அலமாரியும் அதே அறையில். வெள்ளிக்கிழமை அம்மா கற்பூரம் ஏற்றக் கிளம்ப, மெஷின் பொருத்த வந்தவர் பதறிப்போய் நிறுத்தினார். ஆக்சிஜன் தானாகத் தீப்பிடிக்காது, ஆனால் அது ஊறிய போர்வையில் ஒரு பொறி விழுந்தால் போதும் என்று விளக்கினார். சாமியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் இப்போது கவலை. சின்ன சிலிண்டர் ஒன்று வைத்திருக்கிறோம். இன்வெர்ட்டரில் இந்த மெஷினை ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எழுதுங்கள்.