கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பீர்ச் சாலைப் பயணம்: கண்டதைப் பகிருங்கள்

நொய்யல்:
அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து ஹூட் ரிவர் ஊரிலிருந்து கொலம்பியா ஆற்றைக் கடந்து, வாஷிங்டன் மாநிலத்து ஒயிட் சால்மனுக்குப் போகிற பாலத்தைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. 1924-இல் கட்டியது. ஒரு லேன் ஒன்பதரை அடிகூட இல்லை. இன்றைய நெடுஞ்சாலை லேன் 12 அடி. ஓரம் கிடையாது, நடைபாதை கிடையாது, தளம் முழுக்க இரும்புக் கம்பி வலை. கார் ஏறியதுமே டயர் ஊளையிட ஆரம்பிக்கும், ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் லேசாக இழுக்கும், சன்னலை இறக்கினால் கீழே தண்ணீர் தெரியும். எதிரே வந்த ஆர்வியின் (வீடு மாதிரியான சுற்றுலா வண்டி) கண்ணாடியும் இந்தப் பக்கத்துப் பிக்கப்பின் கண்ணாடியும் ஒரு சாண் இடைவெளியில் கடந்ததைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஸ்டியரிங் இழுக்கிறதே என்று எதிர்த்துத் திருப்பக் கூடாது. இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்து, 25 மைலில் சீராகப் போக வேண்டும். கம்பி நனைந்திருந்தால் திடீர் பிரேக் ஆகவே ஆகாது. கோடையில் காலையிலேயே கடந்துவிடுங்கள். கிழக்கே வறண்ட சமவெளி சூடேற ஏற, கடற்பக்கத்துக் குளிர்காற்று மலையிடுக்கு வழியாக உள்ளே பாயும். பிற்பகலில்தான் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். விண்ட்சர்ஃப் ஆட்கள் அங்கே கூடுவதும் இதே காற்றுக்காகத்தான். அக்கரையில் எவ்ரிபடிஸ் ப்ரூயிங் பப்பின் பின்கட்டில் உட்கார்ந்தால் மவுண்ட் ஹூட் நேரெதிரே நிற்கும், அதற்காகவே கடக்கலாம்.

கார்த்திகைமழை:
பாலம் இருக்கட்டும். பெரும்பாலோர் ஜூலையில் போய்விட்டு வருகிறார்கள், அதுதான் வருத்தம். போக வேண்டியது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி. காயவைக்காத பச்சை ஹாப்ஸ் பூவைப் போட்டுக் காய்ச்சும் ஃப்ரெஷ் ஹாப் பீர் குழாய்க்கு வருவது அப்போதுதான்.

அறுவடை நேரத்தில் பச்சை ஹாப்ஸ் பூவை விரலால் பிளந்து பாருங்கள். இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி பிசுபிசுவென ஒட்டும். நாரத்தை இலை, பைன் பிசின், கொஞ்சம் பூண்டு எல்லாம் கலந்த வாசம், சோப்புப் போட்டாலும் போகாது. லுபுலின் என்கிற அந்தப் பொடிதான் பீருக்குக் கசப்பும் மணமும் தருகிறது. பச்சைப் பூவில் ஐந்தில் நான்கு பங்கு ஈரம். பறித்த ஒரு நாளுக்குள் கொப்பரையில் விழாவிட்டால் குவியல் தானே சூடாகிக் கெட்டுப்போகும். யாக்கிமா ஹாப்ஸ் தோட்டங்கள் ஹூட் ரிவருக்கு இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கின்றன, மேற்கே வில்லாமெட் பள்ளத்தாக்கும் தொலைவில்லை. அதனால்தான் இந்த ஊரில் இது சாத்தியப்படுகிறது. உலர் ஹாப்ஸ் 1 கிலோ போடும் இடத்தில் பச்சையாக 5 கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டும். இலைப்பகுதி அதிகம் என்பதால் ஊறல் நேரம் மிஞ்சினால் புல் வாடை வந்துவிடும், வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். இந்தப் பீர் நிற்காது. நவம்பரில் மிச்சம் இருப்பதை வாங்காதீர்கள், மணம் போய்க் கசப்பு மட்டும்தான் இருக்கும்.

சாலையோரம்:
நண்பர்களே, வழியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். போர்ட்லாந்திலிருந்து ஐ-84 நெடுஞ்சாலையில் நேராக எக்சிட் 69, மோசியர். அங்கிருந்து பழைய சாலையில் ரோவெனா கிரெஸ்ட் காட்சிமுனை. காலை வெயிலில் அந்த வளைவுகளை மேலிருந்து பார்க்க வேண்டும். மதியம் ஹூட் ரிவரில் பீர், மாலை கூட்டம் குறைந்ததும் மல்ட்னோமா அருவி. எல்லாரும் மேற்கிலிருந்து தொடங்குவதால்தான் அருவியில் வண்டி நிறுத்த இடமில்லாமல் அல்லாடுகிறார்கள்.

நொய்யல்:
சாலையோரம் சொல்கிற வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. பீருக்குப் பிறகு அருவிச் சாலையா? 1913-இல் தொடங்கி 1922-இல் முடிந்த சாலை அது. சாமுவேல் லங்காஸ்டர் ஏற்றம் 5 சதவீதத்தைத் தாண்டாமல் போட்டார். அன்றைய வண்டிகள் அதற்குமேல் ஏறத் திணறும். ஏற்றத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வளைத்து வளைத்துத்தான் போட முடியும். கிரௌன் பாயிண்டிலிருந்து இறங்கும் வளைவுகளில் ஓரம் இல்லை. கல் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் சரிவு. சைக்கிள்காரர்களும் அதே தாரில்தான் வருகிறார்கள்.

என் வரிசை: காலை 8 மணிக்குள் எக்சிட் 22, கார்பெட். கிரௌன் பாயிண்டில் இருக்கும் விஸ்டா ஹவுஸ், லட்டூரெல் அருவி, மல்ட்னோமா என்று பழைய சாலையிலேயே இறங்கி, எக்சிட் 35-இல் மீண்டும் ஐ-84. எக்சிட் 44 கேஸ்கேட் லாக்ஸில் சாப்பாடு. தண்டர் ஐலண்ட் பப்பில் சன்னலோரம் ஆறு தெரியும். கடைசியாக எக்சிட் 63, ஹூட் ரிவர். மல்ட்னோமாவுக்கு ஐ-84 எக்சிட் 31-இல் போகிறவர்கள் அது இடப்பக்கத்து எக்சிட் என்பதை நினைவில் வையுங்கள், கோடைப் பகலில் முன்பதிவு வேண்டுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாலையோரம்:
ஓட்டுகிறவர் குடிக்கப்போவதில்லை, நண்பரே. ஒரு ஃப்ளைட்டில் (சின்னக் கிளாஸ்களில் வரிசையாக வரும் சாம்பிள் பீர்) ஆளுக்கு ஒரு வாய் என்றால் எதுவும் ஆகிவிடாது.

மொட்டைமாடி:
இந்த "ஒரு ஃப்ளைட்தானே" பேச்சுக்காகத்தான் எழுத வந்தேன். கணக்கைப் பாருங்கள். 4 அவுன்ஸ் கிளாஸ் 5 என்றால் 20 அவுன்ஸ், கிட்டத்தட்ட 590 மில்லி. இங்கே ஐபிஏ என்கிற, ஹாப்ஸ் தூக்கலான கசப்புப் பீரில் 7 சதவீத ஆல்கஹால் சாதாரணம். அப்படியானால் சுத்த ஆல்கஹால் 41 மில்லி. அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 5 சதவீத பீர் 12 அவுன்ஸ், அதாவது 18 மில்லி ஆல்கஹால். ஆக ஒரு ஃப்ளைட்டே இரண்டேகால் டிரிங்க். 70 கிலோ ஆண் மூன்று மணி நேரத்தில் இரண்டு பப்பில் இரண்டு ஃப்ளைட் முடித்தால் கணக்குப்படி ரத்தத்தில் ஆல்கஹால் 0.09 சதவீதத்தைத் தொடுவார். ஆற்றின் இரு கரையிலும் வரம்பு 0.08. பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் சீக்கிரம் ஏறும். விசாவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, தீர்ப்பு வருவதற்கு முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். ஓட்டுகிறவருக்கு வாய் நனைப்பதும் வேண்டாம்.

குடிக்கிறவர்கள் லேசானதில் தொடங்குங்கள். ஹூட் ரிவர் பப்களில் ஃப்ரீமில் பில்ஸ்னர், டபுள் மவுண்டனில் கோல்ஷ், ஃபுல் செயிலில் ஆம்பர், அதற்குப் பிறகுதான் ஐபிஏ. முதலிலேயே ஐபிஏ குடித்தால் நாக்கு கசப்பில் மரத்து, பில்ஸ்னர் தண்ணீர் மாதிரி இருக்கும்.

கருவேலம்:
யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் க்ரௌலர் (growler, பப்பில் பீர் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் பெரிய கண்ணாடிப் பாட்டில்) வாங்குகிறவர்கள் படிக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் பூட்டிய வேனின் பின்சீட்டில் ஒரு க்ரௌலர் வெடித்து, கண்ணாடிச் சில்லு கூரைத்துணியில் குத்தி நின்றதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை இருக்கைக்குப் பக்கத்து இருக்கை அது.

காரணம் எளிது. 4 டிகிரியில் பீருக்குள் கரைந்திருக்கும் வாயு சுமார் 12 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். அதே பீர் 38 டிகிரிக்குப் போனால் அழுத்தம் மூன்று மடங்கைத் தாண்டும். வெயிலில் மூடிய கார் ஒரு மணி நேரத்தில் அதைவிடச் சூடாகும். கழுத்துவரை நிரப்பியிருந்தால் விரிய இடமே இல்லை.

ஆகவே: 64 அவுன்ஸ் பாட்டிலில் மேலே 2, 3 செ.மீ. காலி விடச் சொல்லுங்கள். பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். வெள்ளைக் கண்ணாடியில் வெயில் பட்டால் சில நிமிடத்திலேயே ஹாப்ஸ் சேர்மம் சிதைந்து நாற ஆரம்பிக்கும். நிரப்புவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் அலசித் தரச் சொல்லுங்கள். பாட்டில் சூடாக இருந்தால் பாதி நுரையாகவே போய்விடும். குழாய் அடிவரை இறங்க வேண்டும், முதலில் கார்பன் டை ஆக்சைடு ஊதிவிட்டால் இன்னும் நல்லது. மூடி உள்வளையம் காய்ந்து வெடித்திருந்தால் புதிதாகக் கேளுங்கள். ஐஸ் பெட்டியில் நிமிர்த்தி வைத்து டிக்கியில் ஏற்றுங்கள். மூடி திறந்த பாட்டில் பயணிகள் பகுதியில் இருந்தாலே அபராதம். சாதாரணக் குழாயில் பிடித்தது திறக்காமல் மூன்று நாள், திறந்தால் ஒன்றரை நாள், அவ்வளவுதான். காலியானதும் வெந்நீரில் அலசி, கவிழ்த்து, மூடி போடாமல் காய வையுங்கள்.

கார்த்திகைமழை:
கருவேலம் சொன்னது நூற்றுக்கு நூறு. மூடி வளையத்தை யாருமே பார்ப்பதில்லை.

தெற்குவாசல்:
ஊரிலிருந்து வந்த சித்தப்பா பப் கவுண்ட்டரில் வயதுச் சான்றாகத் தமிழ்நாட்டு லைசென்ஸை நீட்ட, அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பக் கொடுத்தார். சித்தப்பா முகம் வாடியதுதான் மனசை விட்டுப் போகவில்லை. எல்லாரிடமும் சான்று கேட்கும் பப்கள் உண்டு, வயது 60 என்றாலும். வெளிநாட்டவருக்குப் பாஸ்போர்ட் அசல் வேண்டும், போன் படம் செல்லாது.

யார் ஓட்டுவது என்ற சண்டைக்கும் வழி இருக்கிறது. போர்ட்லாந்தின் மேற்கே இருக்கும் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன்காரர்கள் மேக்ஸ் புளூ லைன் ரயிலில் ஏறி கேட்வேயில் இறங்குங்கள். அங்கிருந்து கொலம்பியா கார்ஜ் எக்ஸ்பிரஸ் பஸ் மல்ட்னோமா, கேஸ்கேட் லாக்ஸ், ஹூட் ரிவர் என்று போகும். ஹூட் ரிவரில் ஃபுல் செயில், டபுள் மவுண்டன் ஊருக்குள். ஐ-84-ஐக் கடந்து நடந்து ஆற்றங்கரைக்குப் போனால் ஃப்ரீம், பக்கத்திலேயே ஃபெர்மென்ட். எல்லாம் நடை தூரம். திரும்பி வரும் கடைசி பஸ் பருவத்துக்குப் பருவம் மாறும், முதல் கிளாஸ் வாங்குவதற்கு முன்பே நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.