ஒரே மொட்டை மாடி, இரண்டு டிஷ்: எதிர் வீட்டில் வரும் தமிழ் சேனல் எங்களுக்கு ஏன் வரவில்லை?

அல்சூர்வாசி
வணக்கம். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களிடம் ஒரு கம்பெனி டிடிஎச், எதிர் வீட்டு அக்காவிடம் வேறு கம்பெனி. இரண்டு டிஷ்ஷும் ஒரே மொட்டை மாடியில்தான். அவர்களுக்கு வரும் ஒரு தமிழ்ச் செய்தி சேனலும் ஒரு பக்தி சேனலும் எங்களுக்கு வரவில்லை. எங்களுக்கு வரும் பழைய பாட்டு சேனல் அவர்களிடம் இல்லை. போதாததற்கு, சேலத்திலிருந்து வந்திருக்கும் அம்மா "நம்ம ஊர் லோக்கல் சேனலப் போடுடா" என்று தினமும் கேட்கிறார். அது இரண்டு வீட்டிலுமே இல்லை. கஸ்டமர் கேரில் "உங்க ஏரியாவுல அந்த சேனல் இல்ல சார்" என்கிறார்கள். எதிர் வீடு என்ன வேறு ஏரியாவா? டிஷ்ஷைத் திருப்ப வேண்டுமா, பாக்ஸை மாற்ற வேண்டுமா?

மாடிமேல்மெக்கானிக்
ஏரியா என்று சொன்னது வாய்க்கு வந்த பதில். டிடிஎச்சில் அல்சூருக்கு ஒன்று, ஆவடிக்கு ஒன்று என்று அனுப்புவதில்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒரே கதிர் நாடு முழுக்க விழுகிறது. சேலத்துக்காரருக்காக ஒரு சேனலை மேலே ஏற்றினால் அது சிம்லாவிலும்தான் இறங்கும், அங்கே யாரும் பார்க்காவிட்டாலும். டிரான்ஸ்பாண்டரில், அதாவது செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியில், இடம் கொஞ்சம், வாடகை அதிகம். அதனால் எதை ஏற்றுவது என்று ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறது. உங்கள் வீட்டு விலாசத்துக்கு அதில் வேலையே இல்லை.

மாடிக்குப் போய்ப் பாருங்கள், இரண்டு டிஷ்ஷும் ஒரே திசையைப் பார்க்காது. டாடா பிளே 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, ஏர்டெல் 108.2 டிகிரியிலிருந்து. பெங்களூரிலிருந்து முதலாவது கிட்டத்தட்டத் தெற்குப் பக்கம், இரண்டாவது கிழக்கே சாய்ந்தது. டிஷ் டிவிக்கு 95, டி2எச்சுக்கு 88. ஆக, இருப்பது ஒரே மாடி என்றாலும் பார்ப்பது வேறு வேறு செயற்கைக்கோள். உங்கள் டிஷ்ஷைத் திருப்பினால் இருப்பதும் போய்விடும். தொட வேண்டாம்.

முதலில் பாக்ஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சேனல் எண் பட்டியலில் இருந்து, "சந்தா இல்லை" என்று வந்தால் பாக்கேஜ் விஷயம். எண்ணே இல்லையென்றால் கம்பெனி அந்த சேனலை எடுக்கவில்லை. எண் இருந்து "சிக்னல் இல்லை" என்று, அதுவும் பல சேனல்களில் ஒன்றாக வந்தால் மட்டும்தான் டிஷ், எல்என்பி (டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கி), கேபிள் பக்கம் போக வேண்டும். பாக்ஸ் எல்என்பிக்கு 13 வோல்ட் ஒரு வரிசை சேனல்களுக்கும் 18 வோல்ட் இன்னொரு வரிசை சேனல்களுக்கும் அனுப்பும். கனெக்டர் துருப்பிடித்து 18 ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் பாதி சேனல் காணாமல் போகும், மீதி பளிச்சென்று வரும். நம் ஊர் மழைக்கு இது அடிக்கடி நடக்கிறது.

கேஆர்புரம் குடும்பஸ்தன்
கேட்கிற எல்லாக் கம்பெனிக்கும் சேனலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி இருக்கிறதே? அப்புறம் எப்படி ஒருவரிடம் இல்லாமல் போகும்?

மாடிமேல்மெக்கானிக்
இருக்கிறது, 2017 விதி. ஆனால் அந்தக் கட்டாயம் சேனல்காரருக்கு. டிடிஎச் கம்பெனி போய்க் கேட்டால்தானே? சேனல்காரர் தானாக வந்து "என்னை ஏற்று" என்றால், இடம் இருந்தால் ஏற்றினால் போதும். அதற்குக் கட்டணமும் வாங்கலாம். அந்த விதி போட்ட உச்சவரம்பு சாதாரண (எச்டி அல்லாத) சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா. 20 பைசாதானே என்று தோன்றும். நாடு முழுக்க இருக்கும் சந்தாதாரர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள், சின்ன பக்தி சேனல் எங்கே போகும்? பிறகு 2020ல் மாதத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஒரு மொத்த வரம்பும் கொண்டுவந்தார்கள். அதுவும் சின்னவர்களுக்குப் பாரம்தான். கட்டணம் கட்டிப் பார்க்கும் சேனல்களில் கதை வேறு, விலைப் பேச்சு முறிந்தால் சேனலையே தூக்கிவிடுவார்கள். தூர்தர்ஷன் சேனல்களில் மட்டும் இந்தப் பேரமே கிடையாது. டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகை, எல்லாரும் காட்டியாக வேண்டும்.

சேலத்துப் பொண்ணு
அம்மா கேட்பது கேபிள் சேனலாக இருக்கும் அண்ணா. ஊர் கேபிள்காரர்களே நடத்துவது, கோயில் திருவிழா, கல்யாண வாழ்த்து, நகைக்கடை விளம்பரம் வருமே, அது. செயற்கைக்கோளுக்கே போகாத சேனல். அந்தக் கேபிள் ஒயர் போகிற தூரம்தான் அதன் எல்லை. பெரும்பாலும் யூடியூப்பில் நேரலை போடுகிறார்கள், பெயரைத் தேடிப் பாருங்கள். அரசு கேபிளும் அப்படித்தான், தமிழ்நாட்டு எல்லையோடு சரி.

அல்சூர்வாசி
பார்த்தேன். செய்தி சேனலுக்கு எண் இருக்கிறது, "சந்தா இல்லை" என்று வருகிறது. பக்தி சேனலுக்கு எண்ணே இல்லை. இணைப்பு கொடுத்தவர் கன்னட பாக்கேஜ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்! அதைத் தமிழுக்கு மாற்றினால் கன்னட சேனல்கள் எல்லாம் போய்விடுமா? பையனுக்கு ஸ்கூலில் கன்னடம் இருக்கிறது, வேண்டும்.

மாடிமேல்மெக்கானிக்
மாற்றவே வேண்டாம் சார். கன்னட பாக்கேஜ் அப்படியே இருக்கட்டும், அந்த ஒரு செய்தி சேனலை மட்டும் தனியாகச் சேருங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து எந்த சேனலையும் தனியாக எடுக்கலாம். இலவச சேனலாக இருந்தால் அதற்கென்று விலை கிடையாது, கம்பெனி ஆப்பிலேயே சேர்க்கலாம். சேர்த்த பிறகு பாக்ஸை ஆன் செய்து அந்த சேனல் எண்ணிலேயே கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள், ஆர்டர் மேலே போய் இறங்கி வர வேண்டும். பக்தி சேனலுக்காகக் கம்பெனி மாறாதீர்கள். பாட்டு சேனல் போய்விடும்.