பாட்டிலை அழித்தேன், டவரையும் அழித்தேன். விற்கலாமா?

கழிமுகன்

போன மாசம் பிச்சாவரத்தில் விடியற்காலையில் எடுத்த படம். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள், நடுவில் ஒரு துடுப்புப் படகு, தண்ணிக்கு மேல் லேசாகப் பனி. புதுசாகத் திறக்கப்போகிற ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்கு ஐந்தடி அகலத்தில் கேட்கிறார்கள். விலையும் பேசியாச்சு.

அவ்வளவு பெரிய பிரிண்ட் என்பதால் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். கேமரா சென்சாரில் ஒட்டின தூசி நாலைந்து இடத்தில், துடைச்சேன். வேர்களுக்குள் நீல மூடி போட்ட ஒரு தண்ணி பாட்டில், எடுத்தேன். தூரத்தில் மரங்களுக்கு மேல் செல்போன் டவர் தலை நீட்டிக்கிட்டு இருந்தது, அதையும் எடுத்தேன். இப்போ படம் கண்ணுக்கு நிம்மதியா இருக்கு. என் மனைவி அந்தப் பக்கத்து ஊர்க்காரி. பார்த்த உடனே, "எங்க ஊர் டவர் எங்கே?" என்றாள். அதிலிருந்து ஒரு உறுத்தல். நான் பண்ணினது சரியா?

காலைப்பதிப்பு

தூசியில் எனக்குப் பிரச்சினை இல்லை. அது உங்க கேமராவுக்குள் இருந்தது. பாட்டிலும் டவரும் பிச்சாவரத்தில் இருந்தவை.

பதினாறு வருஷம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவன், கொஞ்சம் கறாராத்தான் பேசுவேன். நார்சிசோ கான்ட்ரராஸ் என்று ஒருத்தர். சிரியாப் போர்ப் படங்களுக்காக 2013ல் புலிட்சர் பத்திரிகைப் பரிசு வாங்கிய ஏபி செய்தி நிறுவனக் குழுவில் இருந்தவர். அதே வருஷம் அவர் எடுத்த இன்னொரு படத்தில் கீழ் மூலையில் சக பத்திரிகையாளர் ஒருவரின் வீடியோ கேமரா கிடந்தது. கண்ணை இழுக்குதேன்னு கம்ப்யூட்டரில் பக்கத்துத் தரையை நகலெடுத்து (குளோன்) அதை மூடினார். 2014 ஜனவரியில் ஏபி உறவை முறிச்சுக்கிட்டது. அவருடைய ஏறக்குறைய ஐந்நூறு படங்களை அலசிப் பார்த்தார்கள், வேறெதிலும் கைவைத்த தடயம் இல்லை. ஒரே படம், ஒரு மூலை. அந்த கேமரா இருந்தாலும் இல்லாட்டியும் செய்தி மாறியிருக்காது. ஆனாலும் வேலை போச்சு.

கழிமுகன்

அண்ணே, அது செய்தி. இது சுவரில் மாட்டுற படம். நேச்சர் சலூன்னு சொல்ற இயற்கைப் படப் போட்டிக்குன்னா ஒரு சருகைக்கூட எடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அங்கே நான் அனுப்பலை.

ஜெர்மன் புகைப்படக்காரர் குர்ஸ்கியின் ரைன் நதிப் படத்தைப் பாருங்க. பச்சைக் கரை, சாம்பல் தண்ணி, சாம்பல் வானம், அவ்வளவுதான். அக்கரையில் இருந்த கட்டடத்தையும், நாயோடு நடந்துபோனவங்களையும் கம்ப்யூட்டரில் அழிச்சுட்டார். 1999ல் செய்த படம், 2011ல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. கட்டடம் எங்கேன்னு வாங்கினவர் கேட்டாரா? நான் ஒரு பாட்டிலை எடுத்ததுக்கு இவ்வளவா!

மாலா_ஸ்டாக்

சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். பிரிண்ட் மட்டும்தான் போகுதா, ஃபைலும் கேட்டிருக்காங்களா?

நான் ஸ்டாக் தளங்களில், அதாவது எடுத்து வெச்ச படங்களை யார் வேணும்னாலும் வாங்குற தளங்களில், விற்கிறவள். அங்கே வணிகப் பயன்பாட்டுக்குன்னா, சட்டையில் இருக்கிற லோகோ, சுவரில் இருக்கிற பெயின்ட் விளம்பரம், காரில் இருக்கிற சின்னம் எல்லாத்தையும் அழிச்சாத்தான் எடுத்துக்குவாங்க. அதே படத்தை எடிட்டோரியல், அதாவது செய்திப் பிரிவில் போட்டா ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. காரைக்குடி வீட்டு வாசல் ஒண்ணை இரண்டு விதமாவும் வெச்சிருக்கேன். ஒண்ணில் டிஷ் ஆன்டெனா, மீட்டர் பெட்டி, விளம்பர எழுத்து எல்லாம் இருக்கும். இன்னொண்ணு செட்டியார் காலத்து வீடு மாதிரி துடைச்சு வெச்சது. எது அதிகம் விற்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் எனக்குக் கூச்சமும் இல்லை, ஏன்னா எந்தப் பிரிவில் இருக்கோ அதுவே இது எப்படிப்பட்ட படம்னு சொல்லிடுது.

கழிமுகன்

ஃபைலும்தான் கேட்டாங்க. வலைத்தளத்துக்கும் புரோஷருக்கும்.

மாலா_ஸ்டாக்

அப்போ அது சுவர்ப் படம் இல்லையே. "வந்தா இதைப் பார்க்கலாம்"னு ரூம் புக் பண்றவனுக்குச் சொல்ற வாக்குறுதி. அவன் படகில் போய் உட்கார்ந்ததும் முதலில் டவரைத்தான் பார்ப்பான்.

பழைய_நெகட்டிவ்

தம்பி, எங்கப்பா தென்காசிப் பக்கம் ஸ்டுடியோ வெச்சிருந்தார். நான் பத்து வயசிலேயே டச்சிங் மேசையில் உட்கார்ந்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது, அழிக்கிறது என்னவோ கம்ப்யூட்டரோடு வந்ததுன்னு நினைக்கிறீங்க. சரிவான கண்ணாடிப் பலகையில் நெகட்டிவை வெச்சு, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியா வைக்கணும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழ் கருவளையம் எல்லாம் நெகட்டிவில் வெளுத்து நிற்கும். அதைப் பென்சிலால் நிரப்பினா பிரிண்டில் மறைஞ்சிடும். கருப்பு அதிகமானால் கத்தி முனையால் சுரண்டணும். கை கொஞ்சம் அழுந்தினா எமல்ஷன் பூச்சு கிழிஞ்சு மூஞ்சியே போச்சு.

நான் சொல்ல வந்தது வேற. எங்களுக்குப் பாதிப் பிழைப்பு பொண்ணு போட்டோதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புறது. ஒரு தடவை ஒரு பெண்ணின் கன்னத்தில் மிளகு அளவு மச்சம். வீட்டார் எதுவும் சொல்லலை, அப்பாவே நல்லெண்ணத்தில் எடுத்துட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போய், "போட்டோவில் இல்லாத மச்சம் நேரில் எப்படி வந்தது"ன்னு கேட்டு எழுந்து வந்துட்டாங்க. அந்தப் பெண்ணோட அப்பா பள்ளிச் சான்றிதழைக் கையில் பிடிச்சுக்கிட்டு எங்க கடை வாசலில் வந்து நின்னார். அதில் அங்க அடையாளம்னு அந்த மச்சத்தைத்தான் எழுதியிருக்கு. அவர் சத்தம்கூடப் போடலை. அப்பா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார், அவர் வாங்கலை.

அதுக்கப்புறம் அப்பா பருவை மட்டும் எடுப்பார். பரு போயிடும், மச்சம் இருக்கும், அவ்வளவுதான் கணக்கு. உன் பாட்டில் பரு. டவர் மச்சம்.

காலைப்பதிப்பு

அண்ணாச்சி சொன்ன கதை கனமானது. ஆனால் அந்தக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

அமெரிக்க இயற்கைப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1944ல் கலிபோர்னியாவில் லோன் பைன் ஊரிலிருந்து எடுத்த பனிமலைப் படம் பார்த்திருப்பீங்க. இடது பக்கம் இருக்கிற இருண்ட குன்றில் அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வெள்ளையடிச்சு 'எல் பி'ன்னு பெருசா எழுதி வெச்சிருந்தாங்க. அவர் நெகட்டிவிலேயே அதை மறைச்சார். மிச்சம் தெரிஞ்சதை பிரிண்டில் மை வெச்சு மூடினார். அது மச்சம்தான், என்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் படத்தை யாரும் குப்பையில் போடலை. ஏன்னா எடுத்தேன்னு அவரே எழுதி வெச்சார். குர்ஸ்கியும் மறைக்கலை. கழிமுகன், நீங்க அந்த 43 லட்சத்தை எடுத்துக்கிட்டு இதை விட்டுட்டீங்க.

பருன்னு நினைக்கிறதும் சில நேரம் பரு இல்லை. 1945ல் பெர்லின் நாடாளுமன்றத்து மேல் சோவியத் வீரர்கள் செங்கொடி ஏத்துறதைக் கால்தேய்ங்கிற சோவியத் புகைப்படக்காரர் எடுத்தார். அந்தப் படத்தில், கொடிக்காரனைத் தாங்கிப் பிடிக்கிற அதிகாரிக்கு இரண்டு கையிலும் கடிகாரம். அச்சுக்குப் போகும் முன் ஒண்ணைச் சுரண்டிட்டாங்க. அது திசைகாட்டி என்பவர்களும் உண்டு. ஆனா சுரண்டினதுக்கு, கொள்ளையடிச்சதா இருக்கும்னு ஊர் பேசுமேங்கிற பயம்தான் காரணம். படத்தில் கடுகளவுதான் இருக்கும். பிச்சாவரத்தில் பாட்டில் மிதக்குதுங்கிறதும் எனக்கு அந்த மாதிரித்தான்.

பழைய_நெகட்டிவ்

சார், உங்களுக்கு எல்லாமே சாட்சியம். வரவேற்பறையில் காபி குடிக்க வந்தவனுக்கு எதுக்குப் பாட்டில்?

காலைப்பதிப்பு

அந்தப் பாட்டிலைப் போட்டதே காபி குடிக்க வந்தவன்தான் அண்ணாச்சி.

மாலா_ஸ்டாக்

🙂 இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. ஆனா கழிமுகன், வேற ஒண்ணு. நீங்க இங்கே போட்ட மாதிரிப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். டவர் இருந்த இடத்தில் பனி ஒரே மாதிரி இரண்டு தடவை வருது, இடது ஓரம் ஒரே கிளையும் இரண்டு. ஐந்தடியில் மாட்டினா தினமும் அங்கே உட்கார்ந்திருக்கிற ரிசப்ஷன் பொண்ணு ஒரு வாரத்தில் கண்டுபிடிச்சிடுவா. சரி தப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் வேலை சுத்தமா இல்லை.

கழிமுகன்

பார்த்தேன். கிளை இரண்டு தடவை வருது, மானம் போச்சு.

நேற்று ஹோட்டல்காரரிடம் இரண்டு படத்தையும் காட்டிட்டேன். டவரைத் திரும்பக் கொண்டுவந்துட்டேன், மனைவிக்கும் திருப்தி. அவர் அதைப் பற்றி ஒண்ணும் சொல்லலை, "சிக்னல் இருக்குன்னு தெரியட்டும்"னு சிரிச்சார். பாட்டில் இல்லாத படம்தான் வேணும்னார். ஃபைல் கொடுக்கும் ரசீதில் "ஒரு பாட்டில் நீக்கப்பட்டது"ன்னு எழுதினேன். எதுக்கு இதெல்லாம்னு கேட்டார், ஆனா கையெழுத்துப் போட்டார். காலைப்பதிப்பு அண்ணே, உங்களுக்கு இது போதாதுன்னு தெரியும்.

காலைப்பதிப்பு

போதாதுதான். ஆனா எழுதிக் கொடுத்தவரைக்கும் சரி. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அங்கேயே குனிஞ்சு பாட்டிலை எடுத்துப் படகில் போட்டுட்டுப் படம் எடுத்திருக்கலாமே? நான் எடுக்க மாட்டேன், செய்தியில் அதுவும் தப்பு. உங்களுக்கு அந்தத் தடை இல்லையே.

கழிமுகன்

எடுத்திருக்கலாம். படகுக்காரர்கிட்ட சொல்லியிருந்தா துடுப்பாலேயே இழுத்துப் போட்டிருப்பார். அங்கே முக்கால் மணி நேரம் இருந்தேன் அண்ணே. பாட்டில் என் கண்ணில் படவே இல்லை.